காதோரத் தையல்

ஆனந்தபாய் குவைத்தை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் ஜெயதாஸ் அவளைவிட மூன்று வயது மூத்தவர். பார்ப்பவர்கள் அதை நம்பமாட்டார்கள். தலைக்குச் சாயம் அடித்து, கஞ்சி போட்ட வேட்டியை மடித்துக் கட்டி, பாறசாலைச் சந்தைக்கு பைக்கில் போய்வரும் அவர் நாற்பத்தைந்துபோல் இருப்பார். அவள் குவைத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவிகளைத் தூக்கிக் குளிப்பாட்டி, புண் துடைத்து, தூக்கம் கெட்டு வாழ்நாளின் நல்ல பாதியைக் கழித்தவள். கடைசி வருடம் மஞ்சள்காமாலை வந்து உடம்பு வற்றியதில் கன்னத்துச் சதை இறங்கித் தாடையில் தொங்கியது. கழுத்துத் தோல் பை போலாகிவிட்டது.

வந்த இரண்டாம் மாதம் ஜெயதாஸின் தம்பி மகனுக்கு நெய்யாற்றின்கரையில் கல்யாணம். மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது போட்டோக்காரர் கையை ஆட்டினார்.

"அம்மச்சி, கொஞ்சம் மகன் பக்கமா சேர்ந்து நில்லுங்க."

மகன் என்று அவர் சொன்னது ஜெயதாஸை.

மேடையே சிரித்தது. ஜெயதாஸும் சிரித்தார். 'இது என் கெட்டியவளாக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. அதுமட்டுமல்ல, சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் அவரே அதை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனந்தபாய் பாயசத்தைத் தொடவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் போனை நீட்டினார். "எட்டி, இதப் பாரு. இப்ப முகத்துக்கும் ஆபரேஷன் உண்டு. திருவனந்தபுரத்துல செய்யுதாவ. உனக்கு வேண்டி தான் சொல்லுதேன்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆனால் போனில் இருந்த அந்த இரண்டு முகங்களை, முன்பு தொங்கியதையும் பின்பு நிமிர்ந்ததையும், மாறி மாறிப் பார்த்தபோது அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

திருவனந்தபுரத்து டாக்டர் அவள் மகள் வயதுப் பெண். மலையாளத்தில் பேசினார். ஜெயதாஸ் ஏதோ சொல்லத் தொடங்கியதைக் கையமர்த்திவிட்டு ஆனந்தபாயைப் பார்த்து, "சேச்சிக்குக் கண்ணாடியில் எதைப் பார்த்தால் வருத்தம்?" என்று கேட்டார். ஊர் வந்த பிறகு அவளிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவள் தாடைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள்.

டாக்டர் ஒரு தாளில் முகம் வரைந்து விளக்கினார். முதல் வழி, ஊசியால் தோலுக்கடியில் நூல் கோத்து இழுத்துவிடுவது. அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் இவ்வளவு தளர்ந்த சதையை நூல் தாங்காது, ஒரு வருடத்தில் பழையபடி இறங்கிவிடும். இரண்டாவது, காதுக்கு முன்னால் மட்டும் சின்னதாகக் கீறிக் கன்னத்தைத் தூக்குவது. கன்னம் சரியாகும், கழுத்து அப்படியே இருக்கும். மூன்றாவது, நெற்றிப்பொட்டு முடிக்குள் தொடங்கிக் காதைச் சுற்றிப் பின்னால்வரை கீறி, தோலை மட்டுமல்லாமல் அதற்கடியில் உள்ள சதைப் படலத்தையும் சேர்த்துத் தூக்கித் தைப்பது. கழுத்தும் நேராகும், பல வருடம் நிற்கும். ஆனால் வீக்கம் வற்ற வாரக்கணக்காகும், ரத்தம் கட்டலாம். நரம்பில் பட்டால் வாய் ஒரு பக்கம் கோணலாம், பெரும்பாலும் தானே சரியாகும், அபூர்வமாக ஆகாமலும் போகலாம்.

"நூலு போதும் டாக்டர்" என்றார் ஜெயதாஸ். "ஆளுக அறியப்பிடாது."

"அது நிக்காதுன்னு சொன்னாவ கேக்கலியா?" என்றாள் ஆனந்தபாய்.

"அப்பம் நடுவுல உள்ளது போதும்." வீட்டுத் தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்தபோதும் அவர் இதே குரலில்தான் சொன்னார். அந்த வீடு முழுக்க அவள் அனுப்பியதில் எழும்பியது.

அன்று சாயங்காலம் ஒற்றசேகரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஜின்சி போனில் கத்தினாள். "அம்மா, ஒண்ணும் வேண்டாம். அப்பாவுக்கு நாணக்கேடுன்னா அப்பா கண்ண மூடிக்கட்டும்."

"நீ இளசு. உனக்கு அறியாது மக்கா."

"லீவுக்கு நீ வரும்ப ஏர்போர்ட்டுல நான் ஓடி வந்தது இந்த முகத்தப் பாத்தாக்கும்."

அதைக் கேட்டு ஆனந்தபாய் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் டாக்டரைக் கூப்பிட்டு மூன்றாவதே வேண்டும் என்றாள். நடுவில் உள்ளதைச் செய்துகொண்டு, கன்னம் ஒரு வயதும் கழுத்து ஒரு வயதுமாகத் திரிய அவளுக்கு மனமில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் இடது காதுக்குப் பின்னால் ரத்தம் கட்டியது. மறுபடி தையலைப் பிரித்து அதை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது முகம் பூசணிக்காய்போல் வீங்கி, கண்ணுக்கடியில் கருநீலம் படர்ந்து, இடது கடைவாய் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. ஜெயதாஸ் வாசலில் ஒருமுறை பார்த்தார். "எனக்கு இதப் பாத்தா தல கறங்குது" என்று சொல்லிவிட்டு மாடி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். சபையில் கேட்டவர்களிடம் அவள் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்தார். அந்தப் பொய்க்காக ஜன்னல் திரைகள் பகலிலும் மூடியே கிடந்தன. அவள் இருமல் வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எத்தனையோ அந்நியர்களின் புண்ணைக் கூசாமல் துடைத்தவள் அவள். தன் தையலுக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தானே மருந்து போட்டாள். ஞாயிறுகளில் ஜின்சி வந்து தலை கழுவிவிட்டாள். தான் வேண்டாம் என்று சொன்னதை அவள் ஒருமுறையும் சொல்லிக்காட்டவில்லை. அதுவே ஆனந்தபாயை அழவைத்தது.

நான்கு மாதத்தில் வாய் நேரானது. வீக்கம் வற்றி, கழுத்து வழித்தெடுத்ததுபோல் வந்தது. கண்ணாடியில் பார்த்தபோது டாக்டர் ஏமாற்றவில்லை என்று தெரிந்தது. ஜெயதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. கிரகப்பிரவேசம், ஞானஸ்நானம், கல்யாணம் என்று எங்கே அழைப்பு வந்தாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் வேறு ஆண்களோடு பேசிக்கொண்டே அவளை யார் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பார்.

அதுவும் நீடிக்கவில்லை. ஒருநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சபை செயலாளர் பொன்னப்பன், "ஜெயதாசே, சேச்சி இப்ப உம்ம விட இளசாக்கும் கேட்டியா" என்று சிரித்தார். ஜெயதாஸ் சிரிக்காமல் பைக்கை எடுத்தார். வீட்டு வாசலில் நிறுத்தியதும் தொடங்கினார்.

"ஆருக்கு காட்டதுக்காக்கும் இந்த வேஷம்? நான் அப்பளே சொன்னேன், நடுவுல உள்ளது போதும்னு."

ஆனந்தபாய் செருப்பைக் கழற்றாமலே அவரைப் பார்த்தாள். "இதுல எந்த வேஷம் நான் கேட்டு வாங்குனது?"

"நீ தானே மூணாவது சொன்ன?"

அது உண்மை. அந்த ஓர் உண்மையை வைத்து மற்ற எல்லாவற்றையும் அவர் மூடிவிட்டார். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த மாதம் காட்டாக்கடையில் பக்கவாதம் வந்து கிடந்த விலாசினி டீச்சரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆனந்தபாய் துணிப்பையை எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கப் போய்விட்டாள். ஜெயதாஸ் பார்க்கிறவர்களிடமெல்லாம், "முகம் மாறுனப்ப மனசும் மாறிப்போச்சு. டாக்டர் இத எங்ககிட்ட சொல்லேல்ல" என்கிறார். ஊரும் அதைத்தான் நம்புகிறது. அழகு வந்தவள் வீட்டில் அடங்கமாட்டாள் என்று சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

ஜின்சி ஒருநாள் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மா, செய்ததுல வருத்தம் உண்டா?"

"முகம் நல்லா தான் இருக்கு மக்கா. அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல." போனை மறு காதுக்கு மாற்றினாள். "மூணுல எது வேணும்னு கேட்டாவ, எடுத்தேன். நாலாவதா ஒண்ணு உண்டும்னு அப்ப எனக்குத் தோணல்ல."

"எது?"

"அந்த வீட்ட விட்டு எறங்குறது."

உள்ளே டீச்சர் திக்கித் திக்கிக் கூப்பிட்டார். புரட்டிப் போட வேண்டிய நேரம். ஆனந்தபாய் போனை வைத்துவிட்டு எழுந்து போனாள்.