வெள்ளைப் பல்லோடு வீடு போன ஜின்பச்சி

ஜப்பானின் புங்கோ நாட்டு மலைக்கோட்டையில் நாபேவுக்கு இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை: தலை கழுவுவது. குளிக்க வந்தவர்களின் தலை அல்ல. சாமுராய்கள் சண்டையில் வெட்டிக்கொண்டு வந்த தலைகள். ரத்தம் போகக் கழுவி, முடியைச் சீவி முடிந்து, வாசனைப் புகை காட்டி, வெட்டியவன் பெயர்ச் சீட்டைக் கட்டிப் பலகையில் வைப்பாள். மாலையில் பிரபு வந்து பார்ப்பார். பெரிய மனிதனின் தலை என்றால் வெட்டியவனுக்கு நிலமும் பதவியும். சாதாரணத் தலை என்றால் ஒரு 'ம்'.

பெண்களில் கல்யாணமானவர்களும் ஆண்களில் உயர்குலத்தார் மட்டும் பல்லுக்குக் கறுப்புப் பூசிக்கொள்வார்கள். ஆகவே வெள்ளைப் பல் தலை வாய்த்த மகாவீரர்கள் நேரே கிணற்றடிக்கு வந்துவிடுவார்கள். "கொஞ்சம் கறுப்பாக்கிக் குடு நாபே." இரும்புத்தூள் ஊறிய காடியில் மாசிக்காய்ப் பொடியைக் குழைத்து அவளும் பூசிவிடுவாள். எத்தனை பேர் செத்த பிறகு தளபதி ஆனார்கள் என்பது அவளுக்கும் தூரிகைக்கும் மட்டுமே தெரியும்.

பீரங்கி சுட வந்த போர்ச்சுகீசியன் துவார்த்தே கிணற்றடியில் உட்கார்ந்து பெருமை பேசுவான். அவனுடைய கொள்ளுத்தாத்தா ஒரு நைட்டாம், அவர்கள் ஊர்ச் சாமுராய் மாதிரி.

"எங்க நைட்டுங்க எதிராளி தலையை வெட்ட மாட்டாங்கக்கா. உயிரோட பிடிச்சு, விருந்து வச்சு, சதுரங்கம் ஆடுவாங்க. வீட்டுலேருந்து பணம் வந்ததும் மரியாதையா அனுப்பிடுவாங்க."

"பரவால்லையே. பணம் இல்லாதவனை?"

துவார்த்தே மூக்கைச் சொறிந்தான். "வில்லு பிடிக்கிறவன், மூட்டை தூக்குறவனுக்கெல்லாம் யாருக்கா அனுப்புவா? அங்கேயே கழுத்தை அறுத்துருவாங்க."

"ஓஹோ! விலை இல்லேன்னு நீங்க அறுப்பீங்க. எங்காளுங்க அறுத்துட்டு, விலை ஏத்தித் தரச் சொல்லி என்கிட்ட வருவாங்க. இதுல எவன் ஒசத்தின்னு பேச்சு வேற. எந்திரிச்சுப் போடா!"

அன்று மதியம் குரோகி யாஹெய் என்ற சாமுராய் ஒரு துணிமூட்டையோடு வந்தான். இரண்டு வருஷமாக ஒரு தலைகூட வாய்க்காதவன்.

"எதிரித் தளபதி. ஆத்துக்கு அந்தாண்ட வெட்டினேன். பல்லைக் கறுப்பாக்கிடு."

நாபே தண்ணீரை ஊற்றினாள். சேறு கரைந்தது. தாடைக்கடியில் தலைக்கவசக் கயிறு உராய்ந்த தழும்பு இல்லை. மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்திருந்தது. வாதுமைக் கொட்டையைக் கடித்து உடைத்துக்கொண்ட பல். உடைந்த அன்று அவன் சிரித்த சிரிப்பு அவளுக்கு நினைவிருந்தது. தினமும் அவளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவன். காலையில்தான் ஆற்றைத் தாண்டிப் படைக்குச் சோறு சுமந்து போனான்.

"இது நம்ம ஜின்பச்சி."

குரோகி சுற்றும் முற்றும் பார்த்தான். "மெதுவாப் பேசு. பூசிடு. அவனுக்கும் கௌரவம்தானே?"

"உயிரோட இருந்தப்ப 'ஏய்'னு கூப்பிட்டீங்க. இப்ப தளபதியாக்கும்!"

"பூசலேன்னா நாளைக்கு உன் தலையை வேற ஒருத்தி கழுவுவா."

"கழுவட்டும்யா. நான் கட்டிக்கிட்டவ, என் பல்லு ஏற்கெனவே கறுப்பு. உங்களுக்குப் பூச்சுவேலை மிச்சம்."

மாலைவரை அவள் தூரிகையைத் தொடவில்லை. குரோகியே 'தளபதி' என்று சீட்டு எழுதிக் கட்டித் தலையைப் பலகையில் வைத்தான்.

பிரபு வந்தார். வழக்கம்போல ஓரக்கண்ணால் ஒரு பார்வை. "தளபதிக்கு ஏன் பல் வெளுத்திருக்கிறது?"

குரோகி வாயைத் திறப்பதற்குள் நாபே தரையில் நெற்றி பட விழுந்தாள். "பிரபுவே, இது தளபதி இல்லீங்க. இன்னிக்குக் காலைல நீங்க முகம் கழுவின தண்ணியை இறைச்ச பையன். நம்ம ஜின்பச்சி."

சமையற்கட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து 'ஐயோ' என்றார்கள். அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

சொந்த ஆளை வெட்டித் தலை கொண்டுவருவது பெருங்குற்றம். ஆனாலும் குரோகி பிறவிச் சாமுராய் அல்லவா? தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு மானத்தோடு சாகப் பெருந்தன்மையாக அனுமதி கிடைத்தது. வெண்பாய், வெண்ணிற உடை, கடைசிக் கோப்பை மது எல்லாம் உண்டு. எப்படிச் சாக விருப்பம் என்று ஜின்பச்சியை யாரும் கேட்டிருக்கவில்லை. அவன் தலையை மற்றச் சாதாரணத் தலைகளோடு குழியில் போடும்படி உத்தரவு.

நாபே போடவில்லை. கறுப்புக் குழம்பைக் கிணற்றடி மண்ணில் கொட்டினாள். தலையைச் சுத்தமான துணியில் பொதிந்து கூடையில் வைத்தாள். ஜின்பச்சியின் தாய் அடிவாரத்தில் இருந்தாள். கூடையின் மறுபக்கத்தைத் துவார்த்தே பிடித்துக்கொண்டான். பாதி இறக்கத்தில் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க ஊரா இருந்தா, அக்கா..."

"வாயை மூடிக்கிட்டுக் கூடையை நேராப் பிடி. வெளிச்சம் போறதுக்குள்ள அவங்கம்மா அவன் முகத்தைப் பாக்கணும்."