ஜெனவீவின் மண்டோர்

ஒரே இழுப்பு. தாளின் துளைபோட்ட ஓரப்பட்டை மேலிருந்து அடிவரை அறுபடாமல் வந்துவிட்டால் ஜெனவீவ் அதை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொள்வார். நடுவில் அறுந்தால் அச்சு இயந்திரத்தின் தலையில் ஒரு தட்டு விழும். "மண்டோருக்கு இன்னைக்குக் கொழுப்பு லா!"

கணினியோடு வந்த அந்த இயந்திரத்துக்கு மண்டோர், அதாவது தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, என்பது அவர் வைத்த பெயர். காலையிலிருந்து கத்துகிறது, அது கத்தாவிட்டால் யாருக்கும் வேலை ஓடுவதில்லை. வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்கிறார்.

கோலசிலாங்கூரில் ஒரு தோட்டக் கம்பெனியின் அலுவலகம் அது. கோலாலம்பூரிலிருந்து டிஸ்கெட்டில் வரும் விவரங்களைத் தாளில் இறக்குவது அவர் பொறுப்பு. கடற்காற்றில் தாள் நமத்துப்போகும். நமத்த தாள் உருளையில் சிக்கும். அதற்காகத் தாள்பெட்டியைத் தரையில் வைக்காமல் பிஸ்கட் டின்மேல் ஏற்றி, பக்கத்தில் ஒரு மின்விளக்கை எரியவிட்டிருக்கிறார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு அந்த அறைக்கு வருபவர் துரையேயானாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஜெனவீவின் விரல் நுனிகளில் எப்போதும் ரிப்பன் மை. மாதாகோயிலுக்கும் அதே விரல்களோடுதான் போகிறார்.

நீண்ட சேவை நற்சான்றிதழ்களுக்காக, அவரவர் வேலையில் சேர்ந்த ஆண்டைப் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுக் கொடுக்க நான் அங்கே போய்வந்தேன். தன் விவரத்தைச் சொல்ல சபாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் நல்லம்மாளும் வந்திருந்தார். போகும்போது ஜெனவீவின் மேசையருகே நின்றார்.

"எங்கப்பா காடழிச்ச தோட்டம்மா அது. அவருக்கு ஒரு காயிதமும் குடுக்கல. என் காயிதத்துலயாச்சும் அவரு பேரு வந்துருமா?"

"வரும்க்கா. நான் இருக்கேன்ல."

சான்றிதழ் வழங்கும் விழா நாள் காலையில்தான் வெற்றுச் சான்றிதழ்த் தாள்கள் வந்துசேர்ந்தன. பூவேலைக் கட்டம்; அதற்குள் பெயரைப் பெரிய எழுத்தில் அடிக்கும்படி தலைமையகத்தின் உத்தரவு. மண்டோர் கத்தி முடித்தது. கட்டம் நிறைந்த இடத்தில் எல்லாப் பெயரும் நின்றுவிட்டது. 'நல்லம்மாள் a/p' என்பதோடு சரி. மகள் என்று சொல்லும் மலாய்க் குறிப்பு இருந்தது. யார் மகள் என்பது இல்லை. அப்பா சன்னாசி கட்டத்துக்கு வெளியே விழுந்துவிட்டிருந்தார்.

எழுத்தர்களுக்கு மேலான தலைமைக் கிராணி தனபாலன் உள்ளே வந்தார். வெளியே வேன் காத்திருந்தது.

"கட்டும்மா, நேரமாச்சு."

"எல்லாம் மொட்டையா இருக்கு சார். சின்ன எழுத்துல போட்டா முழுப்பேரும் அடங்கும். பத்து நிமிசம் குடுங்க."

"பெரிய எழுத்துன்னு ஆர்டர். மேடையில தூக்கிக் காட்டுனா கடைசி வரிசைக்கும் தெரியணும். அப்பன் பேர யாரு பாக்கப்போறா?"

"நல்லம்மாக்கா பாக்கும்."

"அதுக்குப் படிக்கவே தெரியாது."

"தெரியாதுன்னா எத வேணாலும் குடுக்கலாமா?" தாள்கட்டிலிருந்து ஒன்றை உருவி அவர்முன் வைத்தார். 'தனபாலன் a/l' என்று இருந்தது. "உங்களுதும் இருக்கு சார். அப்பாவத்தான் காணோம்."

தனபாலன் அந்தத் தாளைப் பார்த்தார். அதை மேசைமேல் தள்ளிவிட்டார்.

"என்னுது கெடக்கட்டும். மேலிடத்துல கேட்டா நான்தான் பதில் சொல்லணும். ஒன் வேலைக்கே ஆபத்து, புரியுதா? குடு இப்படி."

அவர் கை நீண்டது. ஜெனவீவ் தாள்கட்டை இழுத்து நாற்காலியில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஜெனவீவ்! எந்திரி!"

"எந்திரிக்க மாட்டேன் சார். ஆர்டர் போட்டவரு வந்து தூக்கட்டும்."

உட்கார்ந்தபடியே மிச்சமிருந்த வெற்றுச் சான்றிதழ்த் தாளை ஏற்றினார். எழுத்தின் அளவை மாற்றினார். வெளியே வேன்காரர் ஹார்ன் அடித்தார். மண்டோர் அதைவிட உரக்கக் கத்தியது. நல்லம்மாள் a/p சன்னாசி என்று பூக்கட்டத்துக்குள் முழுசாக ஏறியது. தனபாலன் வாசலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

ஜெனவீவ் ஓரப்பட்டையைப் பிடித்து இழுத்தார். அறுபடவில்லை. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமலே அடுத்த தாளுக்குக் கையை நீட்டினார்.