அக்கா பயந்த வெள்ளைக் கோடுகள்

அக்காவின் கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்டின் டவுனில் அவள் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில், அப்போதுதான் காயப்போட்ட துணிகளை அவள் கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். வானத்தில் மேகமே இல்லை, நல்ல வெயில்.

"நிக்காதடா, அந்தப் பக்கம் எடு. அது கீழ எறங்கறதுக்குள்ள."

"என்னக்கா எறங்குது?"

அவள் மேலே கை காட்டினாள். வெகு உயரத்தில் ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இரண்டு வெள்ளைக் கோடுகள் நீண்டு, ஒன்றாகிப் பரவின.

"மருந்து தெளிக்கறாங்க. வீடியோ வந்துச்சே, நீ பாக்கலியா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் கணவர் பீடி, சிகரெட் தொடாதவர். இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. நுரையீரல் முழுக்கக் கெட்டுவிட்டது என்றார்கள். எதனால் என்று அக்கா ஒவ்வொரு டாக்டரையும் கேட்டாள். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் யாரோ அந்த வீடியோவை அவள் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று நான் பொறுமையாகத்தான் விளக்கினேன். எரிபொருள் எரியும்போது புகையோடு நீராவியும் வெளியே வரும். அந்த உயரத்தில் பயங்கரக் குளிர். வந்த வேகத்தில் ஆவி பொடிப்பொடி ஐஸாக உறைந்துவிடும். நாம் பார்க்கிற கோடு அதுதான். "டிசம்பர்ல காலைல வாயைத் தொறந்தா புகை மாதிரி வருதில்ல, அதேதான் அக்கா."

"அப்போ நேத்து போன பிளேனுக்கு ஏன் கோடு இல்ல?"

"மேல காத்து காஞ்சிருந்தா உடனே மறைஞ்சிடும். ஈரமா இருந்தா நிக்கும், பரவும்."

"நீ மேல போய்ப் பாத்தியா?"

"இல்லக்கா. படிச்சிருக்கேன்."

"சரி, இது ஐஸ்னே வச்சுக்க. அவருக்கு எங்கிருந்துடா வந்துச்சு?"

ஈரத்துணிப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினேன்.

அதன் பிறகு அக்கா ஜன்னல்களை மூடினாள். இடுக்குகளில் டேப் ஒட்டினாள். துணியெல்லாம் அறைக்குள்ளேயே காய்ந்தது. மழைக்காலத்தில் சுவர் பூஞ்சை பிடித்துக் கறுத்தது. அவளுடைய எட்டு வயது மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் காட்டப் போனபோது டாக்டரம்மா எங்களைக் கேள்வி கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு, "மொதலு கிடகி தெகீரி, அம்மா" என்றார். கன்னடம் அக்காவுக்குத் தமிழைப் போலத்தான். ஜன்னலை முதலில் திறக்கச் சொல்கிறார் என்று நன்றாகவே புரிந்தது. ஆட்டோவில் வரும்போது சொன்னாள்: "பாத்தியா, இவளுக்கும் புடிச்சிருச்சு."

நான் போகும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்துவைப்பேன். படி இறங்குவதற்குள் அவள் சாத்துகிற சத்தம் கேட்கும். ஒரு முறை கத்தியும் பார்த்தேன். அழுதாளே தவிர, திறக்கவில்லை. குழந்தையை என் வீட்டுக்கு அனுப்பு என்று கேட்டேன். "அவரையும் அனுப்பிட்டு, இவளையும் அனுப்பிட்டு நான் என்னடா பண்ணுவேன்?" என்றாள்.

போன மாதம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். விளையாட்டு வகுப்புக்கு மைதானத்துக்கு வரச் சொன்னால் பெண் வகுப்பை விட்டு நகர மறுக்கிறாளாம். அக்காவுக்குக் காய்ச்சல், அதனால் நான் போய் அழைத்து வந்தேன். வழியில் தலைக்கு மேலே ஒரு கோடு. அவள் நின்று, அண்ணாந்து அதை வெகுநேரம் பார்த்தாள்.

"மாமா, அது ஐஸ்தானே?"

"உனக்கு யார் சொன்னா?"

"மிஸ் சொன்னாங்க. நீங்க அம்மாகிட்ட சொன்னதும் கேட்டேன்."

"ஐஸ்தான்டா கண்ணு. அப்புறம் ஏன் நீ கிரவுண்டுக்குப் போகல?"

"போனேனான்னு அம்மா தினமும் கேப்பாங்க. போனேன்னு சொன்னா ராத்திரி ஃபுல்லா என் நெஞ்சுல காதை வச்சுக் கேட்டுட்டே இருக்காங்க. தூங்கறதே இல்ல."

தெரு முனை வந்ததும் அவள் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். மாடி ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். அவள் பார்வை எங்கள்மேல் இல்லை; மேலே இருந்தது.

"மாமா, நீங்களும் மூடிக்கோங்க," என்றாள் குழந்தை.

நான் சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.