பதின்மூன்றாவது கோடு

செங்கல் சூளையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மெதுவாக்காரர் என்றால்தான் தெரியும். சுடாத பச்சைக் கல் சுமந்து மேடேறும் கழுதைகளை மற்றவர்கள் குச்சியால் ஓட்டுவார்கள். இவர் பக்கத்தில் நடந்தபடி "மெதுவா, மெதுவா" என்பார். வாயில் வந்த வார்த்தை ஆளோடு ஒட்டிக்கொண்டது.

அவரிடம் நான்கு கழுதைகள். கல் அறுக்கும் களத்திலிருந்து சூளை வாய்வரை ஒரு நாளைக்கு முப்பது நடை. முதலில் போகிறவள் சாம்பல் நிறப் பெட்டை, கழுத்தில் மணி. அவள் பெயரே முன்னாடி. மற்ற மூன்றும் மணிச் சத்தத்தின் பின்னால்தான் நடக்கும். மணி நின்றால் மூன்றும் நட்ட கல்போல நின்றுவிடும். அடித்தாலும் அசையாது.

அந்த முன்னாடி சினையாக இருந்தாள். அப்படித்தான் அவர் நினைத்தார். போன வருடம் பக்கத்துச் சூளை ஆண் கழுதையிடம் விட்டிருந்தார். சில மாதங்களில் வயிறு உருண்டு இறங்கியது. அவர் மனைவி ஒரு பச்சைக் கல்லை எடுத்து, கடுவனிடம் விட்ட நாளிலிருந்து எண்ணி மாதத்துக்கு ஒரு கோடு கீறி, அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தாள்.

சுமக்கிறவளை அலையவிடக்கூடாது என்று அவளுக்குப் பாதிச் சுமைதான் ஏற்றினார். வேலை முடிந்ததும் மற்ற மூன்றும் பொட்டல்வெளியில் மேயப் போகும். முன்னாடியை மட்டும் குடிசைக்குப் பின்னால் நாலு தட்டி வைத்து அடைத்தார். நல்ல பசும்புல்லாகப் பார்த்து அறுத்துவந்து தரையில் பரப்பினார். மழை பெய்தால் அந்த இடம் சொதசொதவென்று கிடக்கும். விட்டையை அவருக்கு நேரம் கிடைக்கும்போது வாருவார். கிடைக்காத வாரங்களே அதிகம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேன் வண்டியில் கால்நடை டாக்டரம்மா வருவார். எட்டாவது கோடு விழுந்த மாதம் வந்தபோது கழுதைகள் எல்லாம் நடையில் இருந்தன. மேஸ்திரி சுமையை இறக்க விடவில்லை. டாக்டரம்மா ஒவ்வொரு கொட்டகையிலும் சோதனைக்கு ஒவ்வொரு கழுதையின் புது விட்டையும் கேட்டார்.

"கழுதை விட்டை கை நிறையன்னு சும்மாவா சொன்னாங்க? வேணுங்கிற மட்டும் அள்ளிக்கங்கம்மா" என்றான் மெதுவாக்காரரின் மச்சினன். அவனும் அதே சூளையில் கழுதை வைத்திருப்பவன்.

"கை நிறைய வேணாம்பா. ஒரு உருண்டை போதும்."

ஒரு வாரத்தில் டாக்டரம்மாவின் உதவியாளர் நாலு குழல் புழு மருந்தோடு வந்தார். வாயில் வைத்துப் பீய்ச்ச வேண்டியது. "நாலுலயும் புழு முட்டை இருக்கு. மணி கட்டினதுக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி. நாளைக்கே குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சூளைக்குப் போய்விட்டார்.

மெதுவாக்காரர் மூன்றுக்குக் கொடுத்தார். நாலாவது குழலைக் கையில் எடுத்தபோது மச்சினன் தடுத்தான்.

"மாமா, வேணாம். என் பெட்டைக்கு அந்த வருஷம் இதத்தான் குடுத்தேன். மூணாம் நாள் குட்டி விழுந்துடுச்சு. வயித்துப்புள்ளக்காரிக்கு மருந்து ஆகாது."

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"அவங்க படிச்சவங்க, படிச்சதைச் சொல்வாங்க. இவன் பட்டவன், பட்டதைச் சொல்றான்."

குழல் பலகைக்குப் போனது. கோடு போட்ட கல்லுக்குப் பக்கத்தில்.

பன்னிரண்டு கோடு முடிந்தது. முன்னாடிக்கு வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. மற்றதெல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"மடியே இறங்கலையேங்க" என்றாள் மனைவி.

"கழுதைக்குப் பதிமூணும் ஆகும், பதினாலும் ஆகும். புள்ள சத்தை எல்லாம் உறிஞ்சுது, வேறென்ன?"

பதின்மூன்றாவது கோட்டுக்கு நாலு நாள் கழித்து, காலையில் முன்னாடி எழுந்து வரவில்லை. படுத்தாள், எழுந்தாள், காலால் தரையைக் கீறினாள், தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். உடம்பெல்லாம் வியர்வை.

"வலி எடுத்துடுச்சு!" அவர் முகம் மலர்ந்தது. தட்டிக்குள் காய்ந்த வைக்கோல் பரப்பினார். மேஸ்திரியிடம் அன்றைக்கு நடை இல்லை என்று சொல்லியாயிற்று. கல் அறுக்கிறவர்கள் கையில் மண்ணோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். "மெதுவாக்காரர் குட்டியும் மெதுவாத்தான் வரும்போல" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

உச்சி வெயில் வந்தது. பனிக்குடம் உடையவில்லை.

"ஃபோன் போடுங்க" என்றாள் மனைவி.

"பிரசவத்துக்கு எதுக்குடி டாக்டரு?"

"பிரசவமாயிருந்தாத்தானே!"

முன்னாடி உருளத் தொடங்கினாள். ஈறு கருத்திருந்தது. அப்போதுதான் போட்டார்.

டாக்டரம்மா வந்து வயிற்றில் காது வைத்துக் கேட்டார். உள்ளே கைவிட்டுப் பார்த்தார். வெளியே எடுத்துத் துடைத்தபடி, "குட்டி எங்க இருக்கு? இல்லையே. புழு மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தேம்மா" என்றார் அவர்.

மனைவி உள்ளே போய் மூடி திறக்காத குழலைக் கொண்டுவந்து டாக்டரம்மா கையில் வைத்தாள்.

வெயில் தாழும் முன்னே முன்னாடி செத்துப்போனாள். குழி வெட்டியதும், மற்றவற்றுக்காகப் பார்க்க வேண்டும் என்று அனுமதி கேட்டு, டாக்டரம்மா வயிற்றைத் திறந்தார். குடல் ஒரு முழ நீளம் கறுத்திருந்தது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கயிறுபோல் தடித்து, உள்ளே மெல்லிய புழுக்கள்.

"வயிறு பெருத்தது புழுவாலதான். விட்டையில முட்டை விழும். ஈரத்துல பொரிச்சுப் புல்லுல ஏறும். இவ போட்ட இடத்துலயே நின்னு, போட்ட இடத்துலயே தின்னிருக்கா."

"பத்திரமாத்தானேம்மா வச்சிருந்தேன்."

"தெரியுது. நான் எப்பவும் தர்றது இந்த மருந்துதான். சினைக்கும் குடுக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மச்சினன் குழி விளிம்பில் நின்றிருந்தான். அவன் பெட்டை நிஜமாகவே ஏழு மாதச் சினை. "அந்தக் குழலை நான் எடுத்துக்கவாம்மா?" என்றான். மாமா பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் மூன்று கழுதைகளும் சுமையோடு களத்தில் நின்றன. மேஸ்திரி கத்தினான், ஒன்றும் நகரவில்லை. அதற்குள் மனைவி அந்தப் பதின்மூன்று கோட்டுக் கல்லைக் கொண்டுவந்து கடைசிக் கழுதையின் சுமையில் சேர்த்து வைத்தாள். வேகப்போகிற கல்லில் அதுவும் ஒன்று.

அவர் மடியிலிருந்து மணியை எடுத்தார். தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மூன்றும் பின்னால் வந்தன. மேட்டில் "மெதுவா" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை.