பிடுங்கியது பதினேழு குச்சிகள்

மாங்காட்டில் எங்கள் குளத்தை மூடி அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட ஒரு நிறுவனம் துடித்தது. "ஜெயிச்சா குளத்தை மீட்பேன்" என்று ஓட்டு வாங்கிய கவுன்சிலரம்மாவை நான் நம்பவில்லை. ஒரு நாள் காலை நடையின்போது, குளக்கரையில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளைப் பார்த்தேன். கட்டடத்துக்கு அளந்துவிட்டார்கள் என்று பதறி, எண்ணிக்கொண்டே பதினேழையும் பிடுங்கிவிட்டேன்.

அதற்குள் சர்வேயரோடு கவுன்சிலரம்மா வந்துவிட்டார்.

"இன்னா நைனா, குளத்துக்கு வேலி போட எல்லை அளந்து வெச்சா, பில்டருக்கு நீயே வேல செஞ்சிகினு கீறியே!"

வெட்கத்தை மீறிச் சிரிப்பு வந்தது. மறுபடி அளந்தபோது டேப்பின் நுனியைப் பிடித்தவன் நான்தான். வேலி வந்துவிட்டது, நேற்று தண்ணீரில் பதினோரு நாரைகள்!

இப்போது எந்தக் குச்சியைக் கண்டாலும் முதலில் அவருக்குப் போன் செய்கிறேன். "கை அரிக்குதா நைனா? தொடாத, வரேன்" என்பார். வந்தும் விடுகிறார்.