சூடு ஆறும்வரை

"எந்தச் சாக்கடையில புரண்டுட்டு வந்தே நீ?" என்று கம்பியைத் திட்டிக்கொண்டே பிரஷ்ஷால் தேய்ப்பாள். துரு, எண்ணெய், பழைய பெயிண்ட் எல்லாம் போய் இரும்பு பல்லைக் காட்டும்வரை விடமாட்டாள். பட்டறையில் அவளுக்கு மிளகாயக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வெல்டிங் ராடுகளை ஒரு மின்னடுப்புப் பெட்டியில் எப்போதும் சூடாகவே வைத்திருப்பாள். அதன் கதவை யாராவது திறந்துபோட்டால் தொலைந்தார்கள். "ராடு ஈரத்தைக் குடிச்சா, அந்த ஈரம் இரும்புக்குள்ள போய் உக்காந்துக்கும். இன்னைக்குச் சிரிக்கும், நாளைக்கு விரிசல் விடும்" என்பாள். இரும்பறுக்கும் கிரைண்டர் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டதால், ரகசியம் சொன்னாலும் தெருமுனைவரை கேட்கும். மதியச் சாப்பாடு நின்றபடியேதான். உட்கார்ந்தால் கோபம் தணிந்துவிடும் என்று பயமோ என்னவோ!

பட்டறை அவளுக்கும் தம்பிக்கும் பொது. அப்போது கையில் இருந்தது ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் வேலை. கனத்த தகடுகளில் தடித்த கம்பிகளைப் பற்றவைக்க வேண்டும். கம்பி காங்க்ரீட் சுவருக்குள் புதையும்; வெளியே நிற்கும் தகட்டில் பால்கனி தொங்கும். இந்த மாதிரி வேலையில் அவள் முதலில் தகட்டை கேஸ் டார்ச்சால் சுற்றிச் சுற்றிச் சூடாக்குவாள். பிறகுதான் கம்பியைப் பற்றவைப்பாள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே, மேலே படியும் கசடைக் கொத்தி எடுப்பாள். முடிந்ததும் தீப்பிடிக்காத துணியால் போர்த்தி, தானாக ஆறவிடுவாள்; சட்டென்று குளிர்ந்தால் பற்றவைத்த இடம் கண்ணாடி மாதிரி உடையும்.

ஒரு நாள் காலை கணவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தாள். அவருக்கு இடுப்பு எலும்பு மாற்றி வைத்த இடத்தில் மறுபடி வலி. முன்பு வேறொரு பட்டறையில் வேலை செய்தபோது, அவர் நின்றிருந்த மேடையின் கம்பி தகட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கீழே விழுந்தவருக்கு அன்றிலிருந்து ஊன்றுகோல்தான்.

அவரை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் லாரி நின்றது. தரையெல்லாம் தண்ணீர். புதிதாகப் பற்றவைத்த தகடுகளிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"தண்ணி ஊத்தினியா?"

தம்பி தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. "லாரி வந்து நிக்குதுக்கா. அதான் சீக்கிரம் ஆறட்டும்னு..."

"தகட்டைச் சூடு பண்ணினியா?"

"காங்க்ரீட்டுக்குள்ள போறதுதானே, யாரு எட்டிப் பாக்கப்போறா?"

அவள் சம்மட்டியை எடுத்தாள். ஓங்கி ஒரே அடி. கம்பி டக்கென்று முறிந்து உருண்டது. முறிந்த முனையில் பாதி கசடு. மீதி, உடைத்த கற்கண்டு போலப் பொரபொரவென்று மின்னியது.

"சம்மட்டியால அடிச்சா எதுதான்க்கா உடையாது?" தம்பிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "உன்னுதை அடி பாப்போம்!"

முந்தின நாள் தான் செய்து வைத்ததை இழுத்துப் போட்டாள். அதுவும் முறிந்தால்? இரும்பை யார் உள்ளே போய்ப் பார்த்தார்கள்? அடித்தாள். கம்பி வளைந்தது. மறுபடி அடித்தாள். இன்னும் வளைந்தது, விடவில்லை. மூச்சு வாங்க, சம்மட்டியைத் தம்பியின் காலடியில் போட்டாள்.

"உன் மாமா அங்க ஊசி போடுற வலியில பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருக்காரு. அவரு நின்ன கம்பியையும் எவனோ ஒருத்தன், யாரு பாக்கப்போறான்னுதான் பத்த வெச்சான். அவன் மூஞ்சி எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா அவனை நான் வையாத நாளில்ல. இனிமே யாரை வையறதுடா நான்? உன்னையா?"

தம்பி தலைக்கவசத்தைக் கழற்றினான். முகம் வெளிறிக் கிடந்தது. முறிந்த கம்பியைக் குனிந்து எடுத்தான். மின்னிய முனையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு கிரைண்டரின் பிளக்கைச் செருகி, தான் பற்றவைத்த தகடுகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரிக்க ஆரம்பித்தான்.

லாரிக்காரருக்குப் பொறுமை போயிற்று. விடாமல் ஹாரன் அடித்தார். "அம்மா, ஏத்துறீங்களா, நான் கிளம்பட்டுமா? அங்க சைட்ல கத்துறாங்க!"

மிளகாயக்கா நேராக லாரிக்குப் போனாள். கதவைத் திறந்து, அவர் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி, வண்டிச் சாவியை உருவினாள். அதைத் தோல் ஏப்ரனின் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்து, தம்பி அறுத்த தகட்டைச் சூடாக்க டார்ச்சைப் பற்றவைத்தாள்.