முனி குதிரைக்கு ஒரு கூரை

எங்கள் தோட்டத்து முனியாண்டிக்குக் கூரை ஆகாது. முன்னொரு காலத்தில் யாரோ தகரம் போட்டார்களாம், அன்றைக்கே காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். மலைக்காற்று எங்கள் லயத்து வீட்டுத் தகரத்தையும்தான் வருஷா வருஷம் தூக்குகிறது. அதற்காக யாரும் எங்களைச் சாமி என்று கும்பிட்டதில்லை. சின்ன வயதில் இதைச் சொல்லி வாய்மேல் அடி வாங்கியிருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன், அடிக்கத்தான் ஆள் இல்லை.

இரத்தோட்டைக்கு மேலே, மிளகுக் கொடிகள் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் எங்கள் தோட்டம். பழைய துரை பங்களாவை யாரோ ஒரு முதலாளி ஹோட்டலாக மாற்றி, வெள்ளைக்காரர்கள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்க நுவரெலியாவிலிருந்து ஒரு கிழட்டு ரேஸ் குதிரையைக் கொண்டுவந்தார். ஹோட்டல் ஓடவில்லை. மூடிவிட்டுப் போகும்போது குதிரையை ஏற்றிப் போக அவருக்கு மனமில்லை. முனியாண்டி கோயிலுக்குக் கொடுக்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார். கழித்துக் கட்டியதையே காணிக்கையாக்கிய கெட்டிக்காரர் அவர்.

கோயில் கமிட்டிக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. மற்றத் தோட்டங்களில் முனிக்கு மண் குதிரை, எங்கள் முனிக்கு மட்டும் வாலால் ஈ ஓட்டுகிற நிஜக் குதிரை. பூசாரி அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, முனியின் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த அத்தி மரத்தில் கட்டினார். அது ஆவணி மாதம், நல்ல வெயில். முனியின் குதிரை என்று ஆனபிறகு முனிக்கு உள்ள சட்டம்தான் குதிரைக்கும். கூட்டம் போட்டு யாரும் தீர்மானிக்கவில்லை, எல்லோருக்கும் தானாகவே தெரிந்திருந்தது.

அதற்கு முந்தின மாதம்தான் என் அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு துணிப்பையோடு வந்து இறங்கியிருந்தாள். மாமாவோடு சண்டை. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வழுக்கி விழுந்தேன் என்றாள், நானும் நம்பினேன். எங்கள் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் கடைசி வீடு. படுக்க ஒரே காம்பரா, பின்னால் சமைக்கக் குசினி, முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு. காம்பராவில் நாங்கள் நெருக்கியடித்துப் படுத்தோம். அத்தை முன்பக்கத்து இஸ்தோப்பில், தொங்கவிட்ட உரச்சாக்குக்குப் பின்னால் படுத்தாள். தீபாவளிக்குள் அனுப்பி வைத்துவிடுவேன் என்று அப்பா கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தீபாவளி வந்தது, அத்தை போகவில்லை. அதன் பின்னால் மழை வந்தது. எங்கள் பக்கத்து மழையை நம்பவே கூடாது. மேலிருந்து மட்டும் பெய்யாது, காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் வந்து காதுக்குள் நுழையும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குதிரையைப் பார்த்தேன். வாலைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, தோல் முழுவதும் நடுங்க நின்றது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

அத்தைக்குக் குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுதான் தெரியும், அதாவது ஒன்றுமே தெரியாது. ஆகவே குளிரில் நடுங்குகிற மனுஷருக்கு என்ன செய்வோமோ அதையே செய்தோம். ஒரு வாளி நிறைய இஞ்சி தட்டிப்போட்ட மல்லிக் காப்பி கொண்டுபோய் வைத்தோம். குதிரை மோந்து பார்த்து மூக்காலேயே அதைத் தள்ளிக் கொட்டியது. சாம்பிராணி போட்டோம், இருமியது. கடைசியில் அத்தை தான் போர்த்திப் படுக்கிற கம்பளியையே எடுத்து வந்து அதன் முதுகில் போட்டுக் கயிற்றால் கட்டினாள். கம்பளிக்குள் குதிரை சமர்த்தாக நின்றது. நாங்கள் பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்தோம்.

காலையில் போய்ப் பார்த்தால் நடுக்கம் முன்னைவிட மோசம். அத்தை கம்பளிக்கு அடியில் கையை விட்டாள். ஏற்கெனவே நனைந்திருந்த உடம்பு, அதன்மேல் மழையைக் குடித்துக் கனத்துப் போன கம்பளி. குளிரை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறோம். அத்தை கம்பளியை உருவி எறிந்துவிட்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டு, காய்ந்த சாக்கால் குதிரையைக் கழுத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். நான் எட்டின வரைக்கும் காலைத் தேய்த்தேன். கீழ் வயல் கிராமத்தில் கேட்டு வாங்கி வந்த வைக்கோலைப் போட்டோம். தின்னத் தின்ன நடுக்கம் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் மழை விடவில்லை. இப்படியே விட்டால் செத்துப் போகும் என்று அத்தை சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூரைதானே கூடாது, சுவர் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று அத்தைக்கு ஒரு யோசனை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குகளை ஒன்றாகத் தைத்து, காற்று வருகிற பக்கம் இரண்டு கம்பு நட்டுக் கட்டினாள். மத்தியானம் பூசாரி வந்து அவிழ்த்துவிட்டார். முனி பார்க்கிற திசையை மறைக்கிறதாம். இத்தனை வருஷம் அதே திசையைத்தான் முனி பார்த்துக்கொண்டிருக்கிறது, அங்கே ஒரு தண்ணீர் டாங்கியைத் தவிர வேறொன்றும் இல்லை.

சாயங்காலம், எல்லோரும் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற நேரத்தில், தோட்டமே பார்த்திருக்க, அத்தை குதிரையை அவிழ்த்தாள். நடுப்பாதை வழியாக நடத்திக்கொண்டு வந்து, எங்கள் இஸ்தோப்பில் ஏற்றினாள். படியேற அது கொஞ்சம் யோசித்தது. ஏறினபிறகு இஸ்தோப்பு நிறையக் குதிரைதான். தலை பக்கத்து வீட்டுக் கொடித்துணிக்குள் இருந்தது. உள்ளே போக வேண்டியவர்கள் பின்னால் குசினி வழியாகத்தான் போக வேண்டும்.

அப்பா வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அதற்குள் பூசாரியும் தோட்டத்துத் தலைவரும் குடையோடு வந்துவிட்டார்கள். தலைவர் குதிரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

"தீபாவளிக்கு அனுப்பிருவேன்னு சொன்னீங்க. தீபாவளியும் போயிருச்சு. இன்னிக்கு இப்பிடி வந்து நிக்குது."

அப்பா தலையைக் குனிந்தார். அத்தைதான் பதில் சொன்னாள். "தலைவரே, குதிரையப் பத்திப் பேச வந்தீங்களா, என்னையப் பத்திப் பேச வந்தீங்களா?"

தலைவருக்கு இருமல் வந்தது. பூசாரி முன்னால் வந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "இங்க பாரும்மா, கூரைக்குக் கீழ இருக்கமாட்டேன்னு சொன்ன சாமி. அதோட குதிரைய இப்பிடிக் கட்டி வச்சா சாமிக்குக் கோவம் வரும்."

"கூரை வேணாங்கிறது சாமியோட இஷ்டம். குதிரைகிட்ட யாராச்சும் கேட்டீங்களாங்கய்யா?" என்றாள் அத்தை. "கோவம் வந்தா என்கிட்டயே வரச் சொல்லுங்க. வேற எங்க போகப்போறேன், இங்கதான் இருப்பேன்."

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தை பக்கத்தில் நின்றேன். குதிரைக்குக் காய்ச்சல் என்று, டீச்சரிடம் லீவு கேட்கிற குரலில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கூட்டமாக நின்றவர்களில் ஒருத்தி மட்டும், பாவம் வாயில்லா ஜீவன், இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே என்றாள். அப்பா பின்பக்கமாகச் சுற்றிக் குசினிக்குப் போய்விட்டார்.

இஸ்தோப்பைக் குதிரை எடுத்துக்கொண்டதால் அத்தைக்குப் படுக்க இடமில்லை. அம்மா எங்களையெல்லாம் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டு, காம்பராவுக்குள் அத்தையின் பாயை விரித்தாள். வந்த நாளிலிருந்து அத்தை உள்ளே படுத்தது அப்போதுதான். எனக்கு அது ஒரு கொண்டாட்டமாக இருந்தது. குதிரைச் சாணம் அள்ளினேன், வைக்கோல் போட்டேன், பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டில் குதிரை இருக்கிறது என்று சொல்லி ஒரு சண்டையில் சட்டைப் பொத்தானை இழந்தேன். மழைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குதிரையின் தோல் காய்ந்து, ரோமம் புசுபுசுவென்று எழுந்து, கண்ணில் வெளிச்சம் வந்தது.

வெள்ளிக்கிழமைப் பூசையில் பூசாரிக்கு அருள் வந்தது. நான் மழைக்காலத்தில் வேட்டைக்குப் போவதில்லை, என் குதிரை தை வரைக்கும் எங்காவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று முனி சொன்னது. சாமியே லீவு கொடுத்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நனைந்து நனைந்து பூசாரிக்கே நல்ல சளி, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கொழுந்துக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு பழைய மாட்டுக் கொட்டகை இருந்தது, ஒரு பக்கச் சுவர் விழுந்து, கூரையும் மூன்று பக்கச் சுவருமாக. ஆண்கள் தரையைக் கொத்திச் சரளைக்கல் போட்டுக் கொடுத்தார்கள். குதிரை அங்கே போனது, கட்டாமலே.

வேடிக்கை என்னவென்றால், கொட்டகை கிடைத்த பிறகும் குதிரை பாதி நேரம் வெளியேதான் நின்றது. தூறலில் புல் மேய்ந்துகொண்டு நிற்கும். காற்று சுழற்றி அடிக்கிறபோது மட்டும் தானாக நடந்து உள்ளே போகும். தலைவர் அதைக் கையைக் காட்டிச் சிரித்தார். "பாத்தியா, அதுக்கே கூரை வேணாமாம்."

"உள்ள போறதுக்கு எடம் இருக்குன்னு தெரிஞ்சாதான் தலைவரே, தைரியமா வெளிய நிக்க முடியும்," என்றாள் அத்தை. தலைவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனார். வாயாடி என்று அவளைத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். என் முன்னால் சொல்லிப் பார்க்கட்டும்.

அத்தையின் பாய் மறுபடியும் இஸ்தோப்புக்கு வரப்போகிறது என்று நினைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கிருந்தோ பலகைகளும் தகரமும் தோளில் சுமந்து வந்தார். இஸ்தோப்பின் பாதியை அடைத்துச் சுவர் எழுப்பினார். அம்மா ஆணி எடுத்துக் கொடுத்தாள். அத்தை குசினிப் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள், அரிசி எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. கடைசியாக அப்பா ஒரு கதவு வைத்து, அதன் உள்பக்கத்தில் தாழ்ப்பாள் அடித்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குதிரை திரும்பி வரப்போகிறது. ஆனால் கதவைப் பார்த்ததும் ஏமாற்றமாகிவிட்டது. ஒரு ஆள் நுழைகிற அகலம்தான் இருந்தது.

"இதுல குதிர எப்பிடிப்பா நுழையும்?" என்று கேட்டேன்.

அப்பா தாழ்ப்பாளைப் போட்டும் எடுத்தும் பார்த்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் அப்பாவுக்குக் குதிரையின் அகலம் கூடத் தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.